சும்மாவை எடுத்தது யார்?

9 ஜனவரி

அன்புள்ள தம்பிக்கு,

நானும் அப்பாவும் இருக்கிறோம். நீ நலமாகத்தான் இருப்பாய், போனில் உன் குரல் அவ்வளவு கணீரென்று இருந்தது.

இனிமேல் போனில் பேச்சு வேண்டாம். எதுவானாலும் மெயிலில் எழுது. ஞாயிற்றுக்கிழமை நாம் இரண்டு பேரும் கத்திய கத்தலை அப்பா முழுக்கக் கேட்டார். பக்கவாதத்தில் அவருக்குப் பேச்சுதான் போயிற்று, காது நன்றாகவே இருக்கிறது. அன்றைக்கெல்லாம் ஸ்பூனை நீட்டினால் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். அதனால் எழுத்தில் சண்டை போடுவோம். எழுத்துக்குச் சத்தம் கிடையாது.

பதினோரு வருஷம் அந்த ஆபீசில் ஒரே ஆளாக உட்கார்ந்து நான் எழுதிய புரோகிராம் அது. பெரிய சலவைக்கூடங்களில் துணியைத் துவைத்துப் பிழியும் மெஷின்களை அதுதான் ஓட்டுகிறது. தண்ணீர் விடுவது, சோப்பு அளப்பது, சூடு ஏற்றுவது, டிரம்மைச் சுற்றுவது, கதவைப் பூட்டித் திறப்பது எல்லாம் ஒரே இடத்தில். மொத்தம் பதினெட்டாயிரம் வரி. அதற்கு ‘மூட்டை’ என்று பட்டப்பெயர் வைத்து உன் ஆபீஸ்காரர்கள் கேலி செய்வது எனக்கும் தெரியும். செய்யட்டும். என் மூட்டையால் ஒரு மெஷின் ஒரு நாள் நின்றதுண்டா?

அந்த மூட்டையை அவிழ்த்துப் பன்னிரண்டாக்கப் போகிறோம், ஒவ்வொன்றும் தனித்தனி பிளக்-இன், வேண்டியவர்கள் வேண்டியதைச் செருகிக்கொள்ளலாம், வேண்டாததைக் கழற்றி வைக்கலாம் என்று என்னிடமே பாடம் நடத்துகிறாய். அதுவும் எல்லாவற்றையும் முடிவு செய்து மூன்று வாரம் கழித்து! அந்த ஆபீசுக்குள் உன்னை நுழைத்துவிட்டதே நான்தான். அப்பா விழுந்தபோது நம் இருவரில் ஒருவர் வேலையை விட வேண்டும் என்று வந்தது. நான் விட்டேன். உன்னை விடச் சொன்னேனா? என்னை ஒரு வார்த்தை கேட்டிருந்தால் நீ என்ன குறைந்து போயிருப்பாய்?

குளிர் அதிகம் என்றாயே, காதை மூடிக்கொண்டு வெளியே போ.

அக்கா


20 ஜனவரி

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். அப்பா இப்போது சாப்பிடுகிறாரா? அன்றைக்குக் கத்தியது தப்புதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் முதலில் குரலை உயர்த்தியது நீ.

கோபப்படாமல் கேள். உன் புரோகிராம் நல்லதா கெட்டதா என்று இங்கே யாரும் பேசவில்லை. சோப்பு அளவில் ஒரு எண்ணை மாற்றினால் கதவில் என்ன ஆகுமோ என்று எல்லாருக்கும் பயம். ஒரு சின்ன ஓட்டலில் சூடு ஏற்றவே மாட்டார்கள், ஆனாலும் சூட்டுக்கான நாலாயிரம் வரியையும் சேர்த்துத்தான் அவர்கள் தலையில் கட்ட வேண்டியிருக்கிறது. தனித்தனியாகப் பிரித்தால் சோப்புக்காரன் சோப்பைப் பார்ப்பான், கதவுக்காரன் கதவைப் பார்ப்பான். உலகம் முழுக்க இப்போது இப்படித்தான் செய்கிறார்கள். இந்த வேலைக்கு என்னைத் தலைவனாகப் போட்டிருக்கிறார்கள் என்பதை அன்றைக்குச் சொல்ல வந்தேன், நீ சொல்ல விடவில்லை.

ஒரு வேடிக்கை. நீ உள்ளே வைத்திருக்கும் பெயர்களைப் பார்த்து இங்கே எல்லாரும் முழிக்கிறார்கள். சுழற்சியைக் குறைக்கிற இடத்துக்கு ‘அடங்கு’. ஆபத்தென்றால் நிறுத்துகிற இடத்துக்கு ‘அவசரக்குடுக்கை’. எல்லாம் ஆங்கில எழுத்தில் அடித்த தமிழ். ஆபீசில் தமிழ் தெரிந்தவன் நான் ஒருவன்தானே, தினமும் என் மேஜைக்கு வந்து அர்த்தம் கேட்கிறார்கள். நேற்று ‘சும்மா’ வந்தது. அதற்கும் சொல்லி அனுப்பிவிட்டேன்.

அப்பாவிடம் நான் கேட்டதாகச் சொல்.

தம்பி


2 பிப்ரவரி

அன்புள்ள தலைவருக்கு,

அப்பா நலம். முதுகில் ஒரு புண் வரப் பார்த்தது, வரவிடவில்லை.

சித்தி வந்திருந்தாள். வந்த கையோடு, “நீ வீட்டுல சும்மாதானே இருக்க, என் பேத்திக்குக் கணக்கு சொல்லித் தரக்கூடாதா?” என்றாள். யார் சொன்னது சும்மா இருக்கிறேன் என்று கேட்டேன். “தம்பிதான் சொன்னான். அக்கா வேலையை விட்டுட்டு சும்மாதான் இருக்கான்னு.”

அடப் பாவி! காலை ஐந்தரைக்கு அப்பாவைப் புரட்டிப் படுக்க வைத்து முதுகைத் துடைப்பது சும்மா. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை மறுபடி புரட்டுவது சும்மா. சாப்பாட்டை மசித்து, புரை ஏறாமல் ஒரு ஸ்பூனுக்கு இரண்டு நிமிஷம் என்று ஊட்டுவது சும்மா. அவருடைய இடது கை விரல்களை ஒவ்வொன்றாக நீட்டி மடக்கிவிடுவதும் சும்மா. நீ ஒரு வாரம் வந்து இப்படிச் சும்மா இருந்து பார்.

புரோகிராமுக்கு வருகிறேன். ‘சும்மா’வுக்கு என்ன அர்த்தம் சொல்லி அனுப்பினாய்? மற்ற எதை வேண்டுமானாலும் வெட்டு, ஒட்டு, பிளக்-இன் ஆக்கு. சும்மாவில் மட்டும் கை வைக்காதே. ஏன் என்று இப்போது சொல்ல மாட்டேன். “அக்கா, எனக்குத் தெரியலை, சொல்லிக் குடு” என்று ஒரு வரி எழுது, சொல்கிறேன். அதை எழுதினால் உன் விரல் ஒன்றும் தேய்ந்துவிடாது.

நேரத்துக்குச் சாப்பிடு.

சும்மா இருக்கும் அக்கா


18 மார்ச்

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், நலமறிய ஆவல். பதில் போட நேரம் கிடைக்கவில்லை, மன்னித்துவிடு. சித்தியிடம் சொன்னது பேச்சுவாக்கில் சொன்னது. அதைப் போய்ப் பெரிதாக எடுத்துக்கொண்டாயே!

நல்ல செய்தி. பன்னிரண்டு பிளக்-இன்களும் திங்கட்கிழமையிலிருந்து ஓடுகின்றன. முதலில் ஆஸ்பத்திரித் துணி துவைக்கும் அந்தப் பழைய சலவைக்கூடத்தில் போட்டிருக்கிறோம், நீ முதன்முதலில் மூட்டையை மாட்டிய அதே இடம். உன் சிநேகிதி, பெரிய மெஷினில் நிற்கும் அந்தத் தமிழ் அம்மா, உன்னை விசாரித்தார்கள்.

கதவு பிளக்-இன் நானே எழுதியது. முன்பெல்லாம் டிரம் நின்ற பிறகும் கதவு திறக்க ஒரு யுகம் மாதிரி காக்க வைக்கும். இப்போது நின்றதும் உடனே திறக்கிறது. ஒவ்வொரு சுற்றுக்கும் பதினைந்து வினாடி மிச்சம். மேனேஜர் எல்லார் முன்னாலும் என் தோளில் தட்டினார். உனக்கும் பெருமையாக இருக்கும் என்று நினைத்தேன்.

அப்பாவுக்கு என் அன்பு.

தம்பி


21 மார்ச்

தம்பி,

நலம் எல்லாம் பிறகு. மூன்று தடவை போன் செய்துவிட்டேன். எழுத்தில்தான் பேச வேண்டும் என்று சொன்னது நான்தான், அதற்காக இப்படியா பிடிவாதம்? எடு.

நீ கேட்கவே மாட்டாய், நானே சொல்கிறேன். அந்தக் கூடத்தில் இருப்பது பழைய மெஷின்கள். டிரம் எவ்வளவு வேகத்தில் சுற்றுகிறது என்று சொல்லும் சென்சாரும் பழசு. வேகம் ரொம்பக் குறைந்தால் அதற்குக் கண் தெரியாது, பூஜ்யம் என்று சொல்லிவிடும். டிரம் அப்போதும் சுற்றிக்கொண்டுதான் இருக்கும், உள்ளே நூறு கிலோ ஈரத் துணியோடு. உங்கள் ஆபீசில் சோதனைக்கு வைத்திருப்பது புது மெஷின், அதில் இது தெரியவே தெரியாது.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால் நான் மெஷின் முன்னால் நின்று, திரையில் பூஜ்யம் வந்ததும் கதவில் கை வைத்தேன். அந்த அம்மாதான் என் கையைப் பிடித்து இழுத்தார். “கொஞ்சம் சும்மா நில்லும்மா, அது இன்னும் நிக்கலை.” அங்கேயே நின்றுகொண்டு அந்த ஆறு வரியை அடித்தேன். பூஜ்யம் வந்த பிறகு பதினைந்து வினாடி ஒன்றும் செய்யாதே, அப்புறம் பூட்டைத் திற. அவர் சொன்ன சொல்லையே பெயராக வைத்தேன். சும்மா இருப்பதுதான் அதற்கு வேலை.

உடனே மெஷின்களை நிறுத்தச் சொல். இதைப் படித்த நிமிஷமே சொல்.

அக்கா


30 ஏப்ரல்

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். வேலை கழுத்தைப் பிடிக்கிறது, அதனால்தான் இவ்வளவு நாள் எழுதவில்லை. அப்பாவுக்கு முதுகில் தடவும் மருந்து அனுப்பியிருக்கிறேன், வந்து சேர்ந்ததா? இங்கே வெயில் ஆரம்பித்துவிட்டது. ஜன்னல் பக்கத்து மேஜையை எனக்குக் கொடுத்திருக்கிறார்கள்.

நீ சொன்ன சும்மாவைத் திரும்பச் சேர்த்துவிட்டோம். அதைப் பற்றி இனி நீ கவலைப்பட வேண்டாம்.

அப்பாவிடம் சொல்.

தம்பி


6 மே

தம்பி,

நீ நலமாக இருக்கிறாயா என்று கேட்க எனக்கு இன்றைக்கு மனசு வரவில்லை.

ஜன்னல் பக்கத்து மேஜை! வெயில்! முதுகு மருந்து! எப்படியடா உனக்கு அந்தக் கடிதத்தை எழுதக் கை வந்தது?

நேற்று அந்தச் சலவைக்கூடத்து அம்மாவின் வீட்டுக்காரர் போன் செய்தார். என் நம்பரை எங்கேயோ தேடிப் பிடித்திருக்கிறார். மார்ச் இருபத்து மூன்றாம் தேதி காலையில் பூட்டு கிளிக் என்றது, அந்த அம்மா எப்போதும் போலக் கதவைத் திறந்து கை விட்டார். டிரம் நிற்கவில்லை. ஈரப் படுக்கை விரிப்பு கையைச் சுற்றிக்கொண்டு உள்ளே இழுத்துவிட்டது. வலது கை மணிக்கட்டோடு போய்விட்டது.

பூட்டு கிளிக் என்றால் பயமில்லை என்று ஒன்பது வருஷமாக அவரைப் பழக்கியது என் புரோகிராம். அந்த நம்பிக்கையில்தான் கை விட்டிருக்கிறார்.

அதோடு விட்டார்களா? கம்பியை விட்டு நெம்பிக் கதவைத் திறந்தது அவர்தான், பூட்டில் குறையே இல்லை என்று உங்கள் கம்பெனி ஒரு அறிக்கை கொடுத்திருக்கிறது. அதை வைத்து அவரை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். இருபத்தாறு வருஷம் வேலை பார்த்தவரை, மெஷினை உடைத்தவர் என்று சொல்லி! ஜூன் பன்னிரண்டாம் தேதி விசாரணை. அதிலும் இதுவே நின்றுவிட்டால் அந்தப் பேரோடுதான் அவர் மிச்ச நாளை ஓட்ட வேண்டும். வீட்டுக்காரர் அறிக்கையைப் படம் எடுத்து எனக்கு அனுப்பினார். பெரிதாக்கிப் பார்த்தேன். கீழே இருப்பது உன் கையெழுத்து.

கதவு நெம்பப்பட்டிருந்தால் சும்மாவை எதற்கடா திரும்பச் சேர்த்தாய்? சத்தம் போடாமல் சேர்த்துவிட்டு, அது இல்லாததால் கை போனவரைக் குற்றவாளி ஆக்கியிருக்கிறாய். என் தம்பி இதைச் செய்தான் என்று எனக்குச் சொல்லவே நாக்கு கூசுகிறது.

சும்மாவை எடுத்தது யார்? மழுப்பாமல் எழுது.

அக்கா


15 மே

அக்கா,

அப்பா எப்படி இருக்கிறார் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்.

டீம்தான் எடுத்தது என்று எழுத நினைத்தேன். எழுதி அழித்துவிட்டேன். எடுத்தது நான். மேனேஜர், “இந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம்?” என்று கேட்டார். “ஒண்ணுமில்லை, வெறுமனேன்னு அர்த்தம்” என்றேன். ஆறு வரியையும் படித்துப் பார்த்தோம். பதினைந்து வினாடி ஒன்றும் செய்யாமல் நிற்கிறது. “ஒண்ணுமில்லாததை எதுக்கு வெச்சுக்கிட்டு இருக்கோம்?” என்றார். எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே அழித்தேன்.

இப்போது நீ கேள். பதினெட்டாயிரம் வரியில் ஒரு குறிப்பு உண்டா? “பழைய சென்சார், ஜாக்கிரதை” என்று இரண்டு சொல் எழுதி வைக்க உனக்கு என்ன கேடு? பிப்ரவரியில் உனக்கு எல்லாம் தெரியும். கதவை நான் பிரிக்கிறேன் என்பதும் தெரியும். தெரிந்தும் என்ன எழுதினாய்? கேட்டால்தான் சொல்வேன் என்று எழுதினாய். நான் உன் காலில் விழ வேண்டும், அப்புறம் நீ வாயைத் திறப்பாய். சின்ன வயசிலிருந்து எனக்கு ஒவ்வொன்றும் இப்படிக் கெஞ்சித்தான் உன்னிடமிருந்து கிடைத்திருக்கிறது. இந்தத் தடவை கெஞ்ச மாட்டேன் என்று இருந்தேன், அவ்வளவுதான்.

மார்ச் இருபத்தொன்றாம் தேதி உன் கடிதம் வந்தது. நான் திறக்கவில்லை. உன் கடிதம் என்றால் திட்டுதானே இருக்கும்? தோளில் தட்டு வாங்கிய வாரத்தில் திட்டு வாங்க வேண்டாம் என்று மூன்று நாள் அப்படியே வைத்திருந்தேன். போன் அடித்தபோதும் அதனால்தான் எடுக்கவில்லை. இருபத்து நான்காம் தேதி திறந்து படித்தேன். முந்தின நாள்தான் கை போயிருந்தது.

அறிக்கையை நான் எழுதவில்லை. எழுதி என் முன்னால் வைத்தார்கள். “கையெழுத்துப் போடு, இல்லைன்னா நீ அழிச்சதுன்னுதான் வெளியே வரும்” என்றார் மேனேஜர். போட்டேன். விசாரணையில் வேறு மாதிரி பேசினால் இந்த வேலை போகும், இனி இந்தத் தொழிலில் யாரும் என்னை உள்ளே விட மாட்டார்கள். உனக்கென்ன, வீட்டில் உட்கார்ந்துகொண்டு நியாயம் பேசலாம்.

தம்பி


27 மே

தம்பி,

அப்பா நன்றாக இருக்கிறார். நேற்று என் விரலை இறுக்கிப் பிடித்தார், இடது கையால்.

உன் கடிதத்தைப் படித்ததும் பதிலுக்கு நான்கு பக்கம் திட்டு எழுதினேன். அழித்துவிட்டேன். நீ சொன்னதில் பாதி உண்மை, அந்தப் பாதிதான் என்னைக் குத்துகிறது.

குறிப்பு எழுத மறந்தேன் என்று நினைக்காதே. எழுதவில்லை. அப்பா விழுந்தபோது வீட்டிலிருந்தே வேலை செய்கிறேன் என்று மேனேஜரிடம் எவ்வளவோ கேட்டேன். “அதெல்லாம் சரிப்படாது” என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டு, போவதற்குள் எல்லாவற்றையும் விளக்கி எழுதி வைத்துவிட்டுப் போ என்றார். ஒரு வாரம் இருந்தது. நான் ஒரு வரி எழுதவில்லை. நான் இல்லாமல் திண்டாடட்டும், போன் செய்து கெஞ்சட்டும் என்று இருந்தேன். நீயும் கெஞ்ச வேண்டும் என்றுதான் பிப்ரவரியில் வாயை மூடிக்கொண்டேன். யார் கை போகும் என்று அப்போது நான் யோசிக்கவில்லை.

இன்னொன்று இருக்கிறது, உன்னிடம் சொல்லவில்லை. மார்ச் இருபத்தொன்றாம் தேதி நீ எடுக்காததும் ஆபீசுக்குப் போன் செய்தேன். மேனேஜரே எடுத்து, “யாரு?” என்றார். அந்தக் குரலைக் கேட்டதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த ஆளிடம் நானாகப் போய்ப் பேசுவதா என்று வைத்துவிட்டேன். மெஷினை நிறுத்துங்கள் என்று இரண்டு சொல் சொல்லியிருந்தால் போதும். இருபத்து மூன்று வரைக்கும் இரண்டு நாள் இருந்தது. அதற்கப்புறம் அந்தப் போனைப் பார்க்கும்போதெல்லாம் என் மேலேயே எனக்கு ஆத்திரம் வருகிறது.

இதையெல்லாம் விசாரணைக்கு எழுதி அனுப்பிவிட்டேன். சும்மா என்றால் என்ன, ஏன் வைத்தேன், ஏன் குறிப்பு எழுதவில்லை, போனை ஏன் வைத்தேன், எல்லாம். உன்னைப் பற்றி ஒரு சொல் எழுதவில்லை. என் தப்பு எவ்வளவு பெரிதானாலும் அந்தக் கம்பிப் பொய்க்குக் கீழே இருப்பது என் கையெழுத்து இல்லை. அதை நீதான் போய் எடுக்க வேண்டும். உன்னை எப்படிக் கெஞ்ச வைப்பது என்று யோசித்து யோசித்தே என் பாதி ஆயுசு போய்விட்டது. இப்போது நான் கெஞ்சுகிறேன். போய்ச் சொல்லடா.

அக்கா


14 ஜூன்

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். உண்மையாகவே நலம். அப்பாவும் நீயும் நலமாக இருக்க வேண்டும்.

விசாரணை ஒரு நீள அறையில் நடந்தது. நடுவில் ஒரு மேஜை, சுவரோரம் பிளாஸ்டிக் நாற்காலிகள். அந்த அம்மா வீட்டுக்காரரோடு கடைசி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வலது கையைத் துப்பட்டாவுக்குள் வைத்திருந்தார். என்னை யாரென்று அவருக்குத் தெரியவில்லை.

முதலில் உன் கடிதத்தைப் படித்தார்கள். படித்து முடித்ததும் மேனேஜர் முகம் தெளிந்துவிட்டது, அக்கா. எழுந்து, “பாருங்க, எழுதினவங்களே ஒத்துக்கிட்டாங்க. குறிப்பு எழுதாம போனது அந்தம்மா தப்பு. கம்பியால திறந்தது இந்தம்மா தப்பு. எங்க பக்கம் ஒண்ணுமே இல்லை” என்றார். உன் கடிதத்தையே வைத்து உன்னை முடித்துவிடப் பார்த்தார். நான் பேசாமல் இருந்தால் போதும், என் தலை தப்பியிருக்கும். என் பெயரை நீ எழுதவே இல்லையே.

எழுந்து நின்றேன். “கம்பி எதுவும் கிடையாது சார். இந்தக் கையெழுத்து என்னோடது, மேலே எழுதியிருக்கிறது பொய். அந்த ஆறு வரியை அழிச்சதும் நான்தான். அக்கா மூணு தடவை போன் பண்ணினாங்க, எடுக்காததும் நான்தான்” என்றேன். மேனேஜர் என் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்து இழுத்தார். எனக்கு எங்கிருந்து வந்ததோ, “கையை எடுங்க!” என்று கத்திவிட்டேன். அறை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. சும்மாவைத் திரும்பச் சேர்த்த தேதி என்ன என்று கேட்டார்கள். மார்ச் இருபத்து நான்கு என்றேன். விசாரிப்பவர் அதைக் குறித்துக்கொண்டு, அதற்கப்புறம் யாரையும் எதுவும் கேட்கவில்லை.

அந்த அம்மா மேல் தப்பில்லை என்று நேற்று எழுத்தில் கொடுத்துவிட்டார்கள். அவரைத் திரும்ப எடுத்துக்கொள்ளச் சொல்லி உத்தரவு. என்னை இனிமேல் வர வேண்டாம் என்று மேனேஜர் நேற்றே சொல்லிவிட்டார். அது போகட்டும்.

உத்தரவு வந்ததும் அவர் வீட்டுக்குப் போனேன். இரண்டாவது மாடி, படியெல்லாம் காயப் போட்ட துணி. கதவைத் திறந்தவரிடம், “நான்தான் அதை அழிச்சேன். பொய்க் கையெழுத்துப் போட்டதும் நான்தான்” என்றேன்.

கன்னத்தில் ஒரு அறை விட்டார். இடது கையால். வலிக்கவே இல்லை, அக்கா. எனக்கு அழுகை வந்துவிட்டது.

“வலது கையா இருந்திருந்தா இந்நேரம் நீ கீழ்ப் படியில கிடந்திருப்ப” என்றார். அப்புறம் உள்ளே வந்து உட்காரச் சொன்னார். உன் கடிதத்தை விசாரணையில் படித்தபோது அவர் ஒவ்வொரு வரியையும் கேட்டிருக்கிறார். நான் கிளம்பும்போது வாசல் வரை வந்து, “உங்க அக்காவையும் வரச் சொல்லு. அவளுக்கும் ஒண்ணு இருக்கு” என்றார்.

என்ன பதில் சொல்லட்டும்?

தம்பி


17 ஜூன்

அன்புள்ள தம்பிக்கு,

இருவரும் நலம்.

வருகிறேன் என்று சொல். திங்கட்கிழமை ரயிலுக்கு டிக்கெட் எடுத்துவிட்டேன். நீ ஞாயிற்றுக்கிழமையே வந்துவிடு. அப்பாவை எப்படிப் புரட்ட வேண்டும், எந்தப் பக்கம் தலையணை வைக்க வேண்டும், எவ்வளவு மெதுவாக ஊட்ட வேண்டும் என்று எல்லாவற்றையும் எழுதிச் சுவரில் ஒட்டியிருக்கிறேன். புரியாததைக் கேள், சொல்கிறேன்.

அக்கா